விண்டோஸ் 11-க்கு மாறியதும் ரேம் டிஸ்க் காணவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில், ரேம் டிஸ்க் வைத்திருந்த பலருக்கு வரும் சிக்கல் ஒன்றுதான்: நேற்றுவரை ரேம் டிஸ்காக இருந்த 'ஆர்' (R:) டிரைவ் இன்று இல்லை.

ரேம் டிஸ்க் என்பது நினைவகத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அதை ஒரு டிரைவ் போலக் காட்டும் ஏற்பாடு. மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பதும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கான டிரைவர் (அந்த டிரைவை விண்டோஸுக்குக் காட்டும் சிறு நிரல்) ஏற வேண்டும், சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஓட வேண்டும், டிரைவ் எழுத்து காலியாக இருக்க வேண்டும், போதுமான ரேமும் மிச்சமிருக்க வேண்டும். இயங்குதளத்தை மாற்றும்போது இவற்றில் எது வேண்டுமானாலும் கலையலாம்.

எதையும் தொடும் முன்

அணைக்கும்போது டிஸ்கின் உள்ளடக்கத்தை ஓர் இமேஜ் கோப்பில் சேமித்து, எழும்போது மீட்டெடுக்கும்படி அமைத்திருந்தீர்களா? அப்படியானால் கணினியை இப்போதே அணைக்காதீர்கள். முதலில் அந்த இமேஜ் கோப்பைத் தேடி வேறொரு டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ரேம் டிஸ்க் காலியாக உருவாகியிருந்தால், அணைக்கும் நேரத்தில் அந்த வெற்று டிஸ்க் உங்கள் பழைய நல்ல இமேஜின் மேலேயே எழுதப்பட்டுவிடும். தரவு தொலைவது பெரும்பாலும் இப்படித்தான்; மேம்படுத்தல் அதை அழிப்பதில்லை.

முதலில் டெம்ப்பைச் சரிசெய்யுங்கள்

எல்லோரும் நேராக ரேம் டிஸ்க் மென்பொருளை மறுபடி நிறுவப் பார்ப்பார்கள். அதுவும் பிழை காட்டி நிற்கும். காரணம் எளிது. தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது என்று நிரல்களுக்குச் சொல்லும் டெம்ப் (TEMP), டிஎம்பி (TMP) என்ற இரண்டு மாறிகளையும் ரேம் டிஸ்குக்குத் திருப்பி வைத்திருப்பீர்கள். நிறுவிகள் தங்கள் தற்காலிகக் கோப்புகளை அங்கேதான் விரிக்கும். அந்த டிரைவே இல்லாதபோது எதை எங்கே விரிப்பது?

ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்று தேடித் திறங்கள். மேல்பகுதியில் உங்கள் கணக்குக்கான மாறிகள், கீழ்ப்பகுதியில் சிஸ்டம் மாறிகள். மேலே உள்ள டெம்ப், டிஎம்பி இரண்டையும் சி டிரைவில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் என்று இறங்கும் பாதைக்கு மாற்றுங்கள். கீழே உள்ளவை சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்பைக் காட்ட வேண்டும். ஓகே கொடுத்து, சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்கள் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ரீஸ்டார்ட் சோதனை

கணினியை ரீஸ்டார்ட் செய்து, டிரைவ் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஷட் டவுன் கொடுத்து, பவர் பட்டனை அழுத்தி எழுப்பிப் பாருங்கள். முதலாவதில் வந்து இரண்டாவதில் வரவில்லை என்றால் குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் என்பது முழுமையாக அணைவதல்ல; விண்டோஸின் அடிப்பகுதி ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். சர்வீஸ்கள் முறையாக நின்று, முறையாகத் தொடங்காததால், டிஸ்கைக் கட்டும் வேலையும் இமேஜைச் சேமிக்கும் வேலையும் விட்டுப்போகலாம். ரீஸ்டார்ட் மட்டும் எப்போதும் முழுத் தொடக்கம்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அங்கே 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ'. மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்பதை அழுத்தினால்தான் கீழே உள்ள பெட்டிகளைத் தொட முடியும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துச் சேமியுங்கள். விண்டோஸ் 10-இல் எடுத்திருந்தாலும் மறுபடி பாருங்கள்; மேம்படுத்தும்போது அது திரும்ப ஆன் ஆகிவிடுவது உண்டு. அந்த வரியே இல்லை என்றால் ஹைபர்னேட் (நினைவகத்தை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி) அணைந்திருக்கிறது, சிக்கல் வேறிடத்தில்.

இரண்டிலுமே வரவில்லையா?

அப்படியானால் டிரைவர் ஏறவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன். அங்குள்ள மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆகியிருந்தால், அதன் விதிகளுக்குப் பொருந்தாத பழைய டிரைவர்களை விண்டோஸ் ஏறவிடாது. ஒரு டிரைவர் ஏற முடியவில்லை என்ற அறிவிப்பு வந்திருந்தால், அதில் கோப்பின் பெயரும் இருக்கும். ரேம் டிஸ்க் மென்பொருளுடையதா என்று பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரட்டைச் சொடுக்கிக் குறியீட்டைப் படியுங்கள். 52 என்றால் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. 39 என்றால் டிரைவர் கோப்பு பழுது அல்லது காணவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மென்பொருளை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து புதிய பதிப்பை எடுத்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து நிறுவுவது. மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தாலும் வேலை நடக்கலாம்தான். ஆனால் ஒரு தற்காலிக டிரைவுக்காகக் கணினியின் காவலைக் கழற்றுவது தேவையற்றது. புதிய பதிப்பு கிடைக்கவில்லை என்றால் வேறு மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்.

ஒரு குறிப்பு: இம்டிஸ்க் என்ற ரேம் டிஸ்க் மென்பொருள் கொண்டு உருவாக்கிய டிரைவ் சரியாக இயங்கும்போதும் டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியாது. அங்கே இல்லை என்பதற்காகப் பயப்படாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பாருங்கள். ஆர்சனல் இமேஜ் மவுண்டர் என்ற இன்னொரு மென்பொருள் கொண்டு உருவாக்கியது உண்மையான வட்டுபோல இரண்டிலும் தெரியும்.

டிரைவர் ஏறுகிறது, டிரைவ் மட்டும் இல்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் அந்த மென்பொருளின் சர்வீஸ் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள். டிரைவ் எழுத்தையும் பாருங்கள்: யுஎஸ்பி, கார்டு ரீடர், மீட்புப் பகுதி ஏதாவது உங்கள் எழுத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். இசட் (Z) எழுத்து வேண்டாம், நெட்வொர்க் டிரைவுகளுக்கு விண்டோஸ் எழுத்தைப் பரிந்துரைப்பது அங்கிருந்துதான்.

அளவு

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். 'அவைலபிள்' என்று காட்டுவதில் பாதிக்கு மேல் ரேம் டிஸ்குக்குக் கொடுக்காதீர்கள். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் 1 ஜிபி போதும். 16 ஜிபி இருந்தால் 2 முதல் 4 வரை போகலாம். 8-இல் 4-ஐ ஒதுக்கினால் விண்டோஸ் பேஜ் கோப்பை (ரேம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் கோப்பை) நாடி எஸ்எஸ்டியில் எழுதத் தொடங்கும். எதைத் தவிர்க்க ரேம் டிஸ்க் வைத்தோமோ அதுவே நடக்கும்.

டிரைவ் திரும்பி வந்ததும், ரீஸ்டார்ட், ஷட் டவுன் இரண்டையும் இன்னொரு முறை சோதித்த பிறகே டெம்ப்பை மறுபடி அங்கே திருப்புங்கள். உங்கள் கணக்கின் மாறிகள் மட்டும் போதும், சிஸ்டம் மாறிகளைத் தொடவே வேண்டாம். டிஸ்குக்குள் டெம்ப் என்ற ஃபோல்டர் ஒவ்வொரு முறையும் தானே உருவாகும்படி மென்பொருளில் அமைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் இருந்து ஃபோல்டர் இல்லாவிட்டாலும் நிறுவிகள் அதே பிழையோடு நிற்கும். அடுத்த பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு முந்தைய நாள் டெம்ப்பைச் சி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அப்டேட் நடுவே பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், அப்போதெல்லாம் ரேம் டிஸ்க் காலியாகிவிடும்.