ஏ.டி.எச்.டி. மருந்துடன் மூக்கு ஸ்ப்ரே: பார்த்து வாங்குங்கள்

ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாட்டுக்காக மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்தை உட்கொள்பவர்கள், ஒவ்வாமைக்கு மூக்கு ஸ்ப்ரே வாங்கும்போது பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்து, ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்றிருந்தால் அதைத் தவிர்த்து, ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

முதல் வகை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கியே மூக்கடைப்பை நீக்குகிறது என்பதால், அதில் ஒரு பகுதி உடலில் கலக்கும்போது, ஊக்கி மருந்தால் ஏற்கெனவே சற்று உயரக்கூடிய இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் மேலும் ஏற வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு ஸ்ப்ரே மூக்கின் அழற்சியைத் தணிக்கிறதே தவிர, குழாய்களை அவ்வாறு சுருக்குவதில்லை. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும் (பலரும் இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்). இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், ஈரச் சுவர்ப் பூஞ்சையால் தும்மல் வாரக்கணக்கில் நீளும் வீடுகளுக்கு இதுவே ஏற்றது. அடைப்பு நீக்கும் ஸ்ப்ரேயைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

வெறும் உப்புநீர் ஸ்ப்ரேக்கு இந்தக் கவலை இல்லை. கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும், எச்.ஐ.வி. போன்ற வைரஸ் தொற்றுகளுக்கான ரிட்டோனாவிர் மருந்தை உட்கொள்பவர்களும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தாமாகத் தொடங்கக் கூடாது. ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரைகளுக்கும், இரத்த அழுத்தம் பற்றி மேற்சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.