லோகோ முதல் லெட்டர்ஹெட் வரை ஒரே இடத்தில்: கம்பெனிக்கு ஒரு டிசைன் லைப்ரரி அமைப்பது எப்படி?

திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ நூறு பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனிக்குப் போய் 'உங்க லோகோ எங்கே இருக்கு?' என்று கேட்டால், பதிலாக ஓர் ஆளின் பெயர்தான் வரும். டிசைனர் தம்பியிடம் இருக்கும், அவர் லீவு என்றால் யாராவது பழைய வாட்ஸ்அப் குரூப்பைத் தோண்டி எடுத்து அனுப்புவார்கள், அது ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் "அண்ணா, இது பெருசு பண்ணுனா உடையுதுங்க, கோரல் ஃபைல் இருந்தா அனுப்பி உடுங்க" என்று போன் வரும் (கோரல் என்பது கோரல்டிரா, லோகோ வரையும் சாஃப்ட்வேர்). வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் கொடுக்கும், டாக்குமெண்டாக அனுப்பினால்தான் அப்படியே போகும். ஆனால் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதை விட, எல்லோரும் எடுத்துக்கொள்ள ஓர் இடம், அதாவது ஒரு டிசைன் லைப்ரரி, வைப்பது நல்லது.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. ஒவ்வொரு டிபார்ட்மெண்டாகப் போய், கடைசியாக வெளியே அனுப்பிய லோகோ போட்ட பொருளைக் காட்டச் சொல்லுங்கள். மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) பையருக்கு (ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்கு) அனுப்பிய பிரசன்டேஷன், டிஸ்பேட்சில் அட்டைப்பெட்டி மேல் அடிக்கும் மார்க்கிங், அக்கவுண்ட்ஸில் இன்வாய்ஸ், ஹெச்ஆரில் 'டெய்லர், செக்கிங், ஹெல்பர் தேவை' நோட்டீஸ், பம்பு கம்பெனி என்றால் டீலர் கடையின் போர்டு. எல்லாவற்றையும் ஒரு மேஜையில் பரப்பினால் ஒரே நீலம் நாலு நீலமாகவும், பழைய விலாசமும், என்றோ மாறிப்போன போன் நம்பரும் கண்ணில் படும். உங்கள் லைப்ரரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலும் அந்த மேஜையிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து ஃபோல்டர். இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம்: ஃபோல்டருக்குப் பெயர் வைப்பது எடுக்க வருகிறவரின் வேலையை வைத்து இருக்க வேண்டும், ஃபைலின் வகையை வைத்து அல்ல. டிசைனர்கள் ஜேபெக், பிஎன்ஜி, வெக்டர் என்று பிரித்து வைப்பார்கள், அது அவர்களுக்குப் புரியும். டிஸ்பேட்சில் நிற்பவருக்கு வேண்டியது 'ஃப்ளெக்ஸ் கடைக்கு', 'அச்சகத்துக்கு', 'துணியில் அடிக்க', 'வாட்ஸ்அப்புக்கு', 'லெட்டர்ஹெட், பிரசன்டேஷன்', 'ஆள் தேவை நோட்டீஸ்' என்ற பெயர்கள். ஒரே லோகோ நாலு ஃபோல்டரில் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போகிறவர் யோசிக்காமல் எடுக்க வேண்டும்.

ஃப்ளெக்ஸ், அச்சகம் இரண்டுக்கும் வெக்டர் ஃபைல், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஃபைல், கட்டாயம். கோரல்டிராவில் எழுத்துகளைத் தேர்வு செய்து கன்ட்ரோல் க்யூ அழுத்தி கர்வ்ஸ் ஆக்கிவிடுங்கள், எழுத்து வெறும் வடிவமாக மாறிவிடும், எழுத்துரு தேவைப்படாது. தமிழ் எழுத்துக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த வரி, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், அவசரத்தில் கடைக்காரர் தானே டைப் செய்து கொடுத்தால் உங்கள் கம்பெனி பெயரிலேயே ஒற்று போய்விடும். கடையில் கோரலின் பழைய வெர்ஷன் இருந்தால் புதிய ஃபைல் திறக்காது, ஆகவே பழைய வெர்ஷனில் சேமித்த ஒரு காப்பியும் ஒரு பிடிஎஃப்பும் கூடவே வையுங்கள். கம்பெனி பெயர், விலாசம், பொருட்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றையும் யூனிகோடில் (போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்து முறை) அடித்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டு வைத்தால், போனில் மெசேஜ் அடிப்பவர்கூட பிழையில்லாமல் எடுத்து ஒட்டிக்கொள்வார்.

லோகோவில் முழுக் கலர், தனிக் கருப்பு, அடர்ந்த பின்னணிக்கு வெள்ளை என்று மூன்றும் வேண்டும். நீளமான போர்டுக்கு ஒரு வடிவம், வாட்ஸ்அப் டிபிக்குச் சதுரமாக ஒன்று. வாட்ஸ்அப் ஃபோல்டரில் பின்னணி இல்லாத பிஎன்ஜி போடுங்கள், ஜேபெக்கில் பின்னணி இல்லாமல் சேமிக்க வழியே இல்லை, கலர் பேப்பர் மேல் வெள்ளைக் கட்டம் வருவது அதனால்தான்.

துணிக்கு வேறு கணக்கு. யூனிஃபார்ம் டீசர்ட்டில் எம்ப்ராய்டரி போட வேண்டும் என்றால் டிஎஸ்டி ஃபைல் (எம்ப்ராய்டரி மெஷின் படிக்கும் தையல் ஃபைல்) ஒரு முறை பஞ்ச் செய்து, அதாவது லோகோவைத் தையலாக மாற்றி, வாங்கி லைப்ரரியில் வைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். சுமார் 5 மில்லிமீட்டருக்கும் சின்ன எழுத்து நூலில் அடைத்துக்கொள்ளும், அதனால் லோகோவுக்குக் கீழே இருக்கும் குட்டி வரியை எடுத்துவிட்ட ஒரு வடிவம் தேவை. ஸ்கிரீன் பிரிண்டுக்கு ஒரு கலர் வடிவம் போதும், செலவும் குறையும்.

கலர் நம்பர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்: ஆஃப்செட்டுக்கு சிஎம்ஒய்கே, திரைக்கு ஆர்ஜிபி, பான்டோன் கலர் அட்டையின் நம்பர் என்றால் காகிதத்துக்கு சி (பளபளப்பான தாள்) அல்லது யூ (சாதாரணத் தாள்), பருத்தித் துணிக்கு டிசிஎக்ஸ். ஒன்றின் நம்பரை இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் அச்சாகப் பொருந்தாது, கண்ணால் பார்த்து நெருக்கமானதைத் தேர்வு செய்ய வேண்டியதுதான். ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு மெஷின் கலர் மாறும். லேப் டிப் (சாயத்தின் சின்னத் துணி மாதிரி) ஓகே ஆகாமல் பல்க் சாயம் போடுவோமா? அதே மாதிரி, வழக்கமான கடையில் ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரி பிட் இரண்டு அடித்து வாங்கி, கையெழுத்துப் போட்டு ஒன்றை ஆபீஸிலும் ஒன்றைக் கடையிலும் வைத்துவிடுங்கள்.

சரி, எதையெல்லாம் பொது ஃபோல்டரில் வைக்கக் கூடாது என்று பார்ப்போம், தப்பு நடந்தால் பெரிதாக அடிபடும் இடம் இதுதான். பையரின் லேபிள், ஹேங்டேக், ஆர்ட்வொர்க் எதுவும் இங்கே வரவே கூடாது, அது அவர்களுடைய சொத்து, அந்த ஆர்டரைப் பார்க்கும் மெர்ச்சண்டைசரோடு நின்றுவிட வேண்டும். ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்றான காட்ஸ் (GOTS) முத்திரையும் பொது ஃபோல்டரில் வேண்டாம்: அதில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதமாவது ஆர்கானிக் நார் வேண்டும், 70 இருந்தால் 'மேட் வித் ஆர்கானிக்' என்றுதான் போடலாம், சான்று கொடுத்த அமைப்பின் பெயரும் லைசென்ஸ் நம்பரும் கூடவே வர வேண்டும். பம்பின் ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் நம்பர் (தர நிர்ணயத்தின் எண்), கீழே சிஎம்/எல் லைசென்ஸ் நம்பர் உண்டு, அந்த லைசென்ஸில் வராத மாடலின் படத்தில் யாராவது நல்லெண்ணத்தில் ஒட்டினாலும் வம்புதான். லோகோவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது டிரேட்மார்க் பதிவு ஆன பிறகுதான். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107வது பிரிவுப்படி பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது சட்டத்துக்கு விரோதம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை 'டிஎம்' போதும். இந்த முத்திரைகளை எல்லாம் ஒருவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தனி ஃபோல்டராகப் பூட்டி வையுங்கள்.

ஆள் தேவை நோட்டீஸ் தமிழில் மட்டும் போதாது. பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு டெம்ப்ளேட் செய்து, அந்த மொழி தெரிந்த தொழிலாளி ஒருவரிடமே படிக்கக் கொடுத்துச் சரிபாருங்கள்.

இதையெல்லாம் எந்த டிரைவில் வைப்பது என்பது இரண்டாம்பட்சம், ஆனால் அந்த அக்கவுண்ட் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும், ஒரு ஸ்டாஃபின் சொந்த ஜிமெயிலில் வைத்தால் அவர் வேலையை விட்டுப் போகும்போது லைப்ரரியும் போய்விடும். எல்லோருக்கும் பார்க்க, இறக்க மட்டும் அனுமதி, மாற்ற இரண்டே பேருக்கு. கூகுள் டிரைவில் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள், அதே ஃபைலில் புதிய வெர்ஷனாக ஏற்றினால் லிங்க் மாறாது, டீலருக்கு முன்பே அனுப்பியதிலும் புதியதே திறக்கும். ஃபைல் பெயரில் 'ஃபைனல்' என்ற வார்த்தைக்கே இடம் கொடுக்காமல், வருடமும் மாதமும் போடுங்கள். பழைய லோகோவை அழிக்க வேண்டாம், பழைய பேக்கிங்குக்கு ரிப்பீட் ஆர்டர் வரலாம், 'பழையது' என்று ஒதுக்கி அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி வைத்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும், புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் போனைக் கொடுத்து, 'ஃப்ளெக்ஸ் கடைக்கு லோகோ அனுப்புங்க' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் எடுக்க முடியவில்லை என்றால் எந்த ஃபோல்டரில் தயங்கி நின்றார் என்று பார்த்து, அதன் பெயரை மாற்றிவிட்டு, அடுத்த ஆளிடம் கொடுங்கள்.