முதல் ஐரோப்பியப் பயணம்: இரவுகளை எண்ணித் திட்டமிடுவது எப்படி?

ஆசைப்பட்ட ஊர்களையெல்லாம் எழுதி நாட்களைப் பங்கு போட்டால், பாதிப் பயணம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். நாட்களை விடுங்கள், இரவுகளை எண்ணுங்கள். விசா, ரயில், அறை மூன்றும் அந்தக் கணக்கைத்தான் கேட்கும்.

படி 1: ஒரே திசையில் வழி

12 இரவுகளுக்கு மூன்று நாடுகளே தாராளம். உதாரணமாக ரோம் 4, வெனிஸ் 2, இரவு ரயில் 1, வியன்னா 3, பிராக் 2. ஓர் ஊரில் 2 இரவு என்றால் அங்கே முழுதாகக் கிடைப்பது ஒரே நாள். வெனிஸில் மட்டும் இரண்டு கிடைக்கும், ரயில் இரவில்தானே கிளம்புகிறது!

ரோமில் இறங்கி பிராகிலிருந்து திரும்புங்கள். விமான டிக்கெட் தேடும்போது 'ரவுண்ட் டிரிப்' வேண்டாம், 'மல்டி சிட்டி'யை அழுத்துங்கள். இல்லாவிட்டால் திரும்பும் விமானத்துக்காக மறுபடி ரோமுக்கு ஓட வேண்டும்.

படி 2: விசா

இத்தாலி, ஆஸ்திரியா, செக் மூன்றும் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள். விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒரே விசா போதும். அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், இங்கே இத்தாலி. இரவுகள் சமமாக வந்தால், முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் தேதி கிடைக்கிறதே என்று வேறு நாட்டிடம் போகாதீர்கள், விண்ணப்பத்தையே ஏற்க மாட்டார்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள். மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் தேவை. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

பலர் கோட்டை விடுவது இரவு ரயிலில்தான். அன்றைக்கு ஹோட்டல் பதிவு இருக்காது. பயணத் திட்டத்தில் 'இரவு ரயில், வெனிஸ்–வியன்னா' என்று எழுதாவிட்டால் அந்த இரவு எங்கே என்ற கேள்வி வரும்.

நடுவில் லண்டனைச் செருக ஆசை வந்தால், அதற்குத் தனி விசா. திரும்ப ஷெங்கனுக்குள் வர, பலமுறை நுழைய அனுமதிக்கும் 'மல்டிபிள் என்ட்ரி' விசாவும் வேண்டும். முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

படி 3: அறையும் ரயிலும்

விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதியுங்கள். மலிவு ரயில் டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. விசா கைக்கு வந்த அன்றே எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் விலை ஏறும். பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் யூரெயில் பாஸ், நான்கே ஊருக்குப் பொதுவாகக் கட்டுப்படியாகாது. இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். 'வெனிசியா மெஸ்த்ரே' தீவு நகரான வெனிஸுக்கு வெளியே, பெருநிலத்தில் உள்ள நிலையம். கால்வாய்க்கு எதிரே இறக்கிவிடுவது 'வெனிசியா சாந்தா லுசியா'. இரவு ரயிலில் உட்காரும் இருக்கை மலிவுதான், ஆனால் மறுநாள் வியன்னா தூக்கத்தில் போய்விடும். படுக்கை எடுங்கள். காலையில் அறை தயாராக இருக்காது. பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டுச் சுற்றலாம்.

படி 4: பணமும் நுழைவுச்சீட்டும்

வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ரோமின் நாட்களை அதற்கேற்ப அடுக்குங்கள்.

செக்கில் யூரோ அல்ல, கொருனா. அங்கே ஏடிஎம் திரையில், உங்கள் ஊர்ப் பணத்திலேயே கழித்துக்கொள்ளவா என்று கேட்கும். வசதியாகத் தெரிந்தாலும் மாற்று விகிதம் மோசமாக இருக்கும், கொருனாவிலேயே எடுங்கள். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் அப்படியே.