பழைய ஆண்ட்ராய்டில் கஸ்டம் ரோம், ரூட்: திருத்தக்கூடிய தவறுகளும் திருத்த முடியாத தவறுகளும்

லோகோவிலேயே நின்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் போனைப் பார்த்ததும் பலருக்குக் கை உதறத் தொடங்கிவிடுகிறது. இந்த வேலையில் வரக்கூடியவற்றில் அதுதான் மிகச் சின்னப் பிரச்சினை. ரெகவரியோ (ஆண்ட்ராய்டு இல்லாமலே திறக்கும் பழுதுபார்ப்புத் திரை) ஃபாஸ்ட்பூட்டோ (கணினியிலிருந்து கட்டளை ஏற்கும் நிலை) இரண்டில் ஒன்று திறந்தாலே போதும், போனை எழுப்பிவிடலாம். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) அழிந்துபோன போனும், சார்ஜர் சொருகினால்கூட விளக்கு எரியாத போனும் அப்படியல்ல. அவற்றை மீட்பது பெரும்பாடு, சில சமயம் முடியவே முடியாது. ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும் படிகளைத்தான் மக்கள் யோசிக்காமல் தாண்டிப் போகிறார்கள். போதாக்குறைக்கு, அந்த ரீஸ்டார்ட் சுழலை, அதாவது பூட்லூப்பைக் கண்டு பதறிக் கையில் கிடைத்த கோப்புகளையெல்லாம் ஏற்றும்போதுதான் மீட்க முடியாத தவறுகள் பெரும்பாலும் நடக்கின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கஸ்டம் ரோம் ஏற்றுவது என்றால் கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக வேறொருவர் உருவாக்கியதைப் போடுவது. ரூட் செய்வது என்றால் போனின் முழு அதிகாரத்தையும் பெறுவது. இவை இரண்டு தனி வேலைகள். புதிய ஆண்ட்ராய்டு பதிப்பும் பாதுகாப்புத் திருத்தங்களும் வேண்டுமென்றால் ரோம் மட்டும் போதும், ரூட் தேவையில்லை. கம்பெனி திணித்த ஆப்களை ஒதுக்கித் தள்ளுவதுதான் நோக்கம் என்றால் இரண்டுமே தேவையில்லை. கணினியிலிருந்து ஏடிபி என்ற கருவியின் கட்டளை மூலம் உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும் அவற்றை நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டு இருக்கும் சிஸ்டம் பார்ட்டிஷனில் (நினைவகப் பகுதியில்) கை வைக்காததால் ஃபேக்டரி ரீசெட் செய்தால் அவை திரும்ப வந்துவிடும். என்ன வேண்டும் என்று தெளிவில்லாமல் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், ஏதாவது கோளாறு வரும்போது எது காரணம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

பெட்டியில் உள்ள பெயரை நம்பாதீர்கள்

விளம்பரத்தில் போட்ட பெயர் வேறு, ரோம் உருவாக்குபவர்கள் பார்க்கும் பெயர் வேறு. ரெட்மி நோட் 4 இதற்கு நல்ல உதாரணம். 2016இல் ஷாவ்மி அந்தப் பெயரில் வெளியிட்ட போனில் இருந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சிப். 2017 ஜனவரியில் அதே பெயரில் வந்ததில் ஸ்னாப்டிராகன் 625. முதலாவதின் கோட்நேம் நிகெல், இரண்டாவதின் கோட்நேம் மிடோ. தேடலில் 'ரெட்மி நோட் 4 ரோம்' என்று போட்டால் இரண்டுக்குமான கோப்புகளும் கலந்தே வரும். ஒன்றின் பார்ட்டிஷன் அமைப்புக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. சாம்சங் கேலக்ஸி எஸ்7-லும் இதே கதைதான். எக்ஸினோஸ் சிப் உள்ள எஸ்எம்-ஜி930எஃப் மாடலுக்கு ரோம்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நெட்வொர்க் நிறுவனங்கள் விற்ற ஸ்னாப்டிராகன் மாடல்களில் பூட்லோடரே (ஆண்ட்ராய்டைத் தொடங்கிவைக்கும், பூட்டப்பட்ட மென்பொருள்) திறக்காது.

அதனால் முழு மாடல் எண்ணையும் கோட்நேமையும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றக்கூடிய போன் என்றால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் முதல் ஆதாரம். ஃபாஸ்ட்பூட் நிலையில் 'கெட்வார் புராடக்ட்' கட்டளை கொடுத்தாலும் பெரும்பாலான போன்கள் தம் அடையாளத்தைச் சொல்லிவிடும். செட்டிங்ஸில் காட்டும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பழைய போனை வேறொருவரிடம் வாங்கியிருந்தால் அவர் ஏற்கெனவே ஏதோ ரோம் ஏற்றியிருக்கலாம், அந்த ரோம் சொல்லும் பெயரைத்தான் அங்கே பார்ப்பீர்கள்.

இந்த இடத்தில் 'எரர் 7' பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜிப் கோப்பை ஏற்றும்போது, 'இந்தக் கோப்பு மிடோவுக்கானது, உங்கள் போன் வேறு' என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடும். உடனே தேடினால், ஜிப்பைத் திறந்து உள்ளே அப்டேட்டர் ஸ்கிரிப்டில் இருக்கும் 'அசெர்ட்' என்ற மாடல் சரிபார்ப்பு வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று ஆலோசனை கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரிகள் உங்கள் போனைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கின்றன. சரியான போனிலேயே எரர் 7 வருகிறது என்றால் ரெகவரி பழையதாக இருக்கும், அல்லது ரோம் கேட்கும் மோடம் (நெட்வொர்க் மென்பொருள்), பூட்லோடர் பதிப்பு உங்களிடம் இருக்காது. அவற்றைப் புதுப்பித்தால் பிழை தானாகப் போய்விடும்.

பேக்கப் எடுத்தேன் என்று நினைப்பது

பூட்லோடரை அன்லாக் செய்த நொடியில் போனில் உள்ள எல்லாத் தரவும் அழியும். பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே படங்கள், தொடர்புகள், சாட் எல்லாம் அன்லாக் செய்வதற்கு முன்பே கணினிக்கோ கிளவுடுக்கோ போய்விட வேண்டும். கஸ்டம் ரெகவரி (கம்பெனியுடையதற்குப் பதிலாக நாம் ஏற்றும் ரெகவரி) வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பேக்கப் எடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

டிடபிள்யூஆர்பி என்ற கஸ்டம் ரெகவரி எடுக்கும் பேக்கப் விஷயத்தில் ஏமாறுபவர்கள் இன்னும் அதிகம். 'டேட்டா' என்று டிக் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆப்களும் அவற்றின் அமைப்புகளும்தான் வரும். இன்டர்னல் ஸ்டோரேஜில் இருக்கும் கேமரா படங்கள், டவுன்லோடுகள் அதில் சேராது. அதைவிட மோசம், அந்த பேக்கப் கோப்பே இன்டர்னல் ஸ்டோரேஜில்தான் வழக்கமாகப் போய் உட்காரும். பிறகு என்கிரிப்ஷனை நீக்க 'ஃபார்மேட் டேட்டா' கொடுத்தால் பேக்கப்பும் சேர்ந்தே போய்விடும். எஸ்டி கார்டுக்கு எடுங்கள், அல்லது எடுத்த கையோடு கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இஎஃப்எஸ். ஐஎம்இஐ எண்ணும் ரேடியோவின் அளவீடுகளும் ஒரு சிறிய பார்ட்டிஷனில் இருக்கின்றன. சாம்சங்கில் அதன் பெயர் இஎஃப்எஸ். குவால்காம் போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 என்று இரண்டாக இருக்கும். மீடியாடெக்கில் என்விரேம். அளவு சில மெகாபைட்தான், ஆனால் உங்கள் போனுக்கு மட்டுமே உரியது. இன்னொரு போனிலிருந்து எடுத்து ஏற்ற முடியாது, ஸ்டாக் ஃபர்ம்வேரிலும் (கம்பெனியின் மூல மென்பொருளிலும்) அது கிடையாது. அது போனால் சிக்னல் போச்சு, போன் வெறும் வைஃபை கருவியாகிவிடும். ரெகவரியில் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த பேக்கப்தான். குவால்காம் போனில் பெர்சிஸ்ட் பார்ட்டிஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சென்சார் அளவீடுகள் அதில் இருக்கும்.

மீடியாடெக் போன் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எஸ்பி ஃபிளாஷ் டூல் என்ற கணினி மென்பொருளில் 'டவுன்லோட் ஒன்லி' என்பதற்குக் கீழே 'ஃபார்மேட் ஆல் பிளஸ் டவுன்லோட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. சுத்தமாக ஏற்றினால் நல்லதுதானே என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தால் என்விரேமையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

பூட்டை மறுபடி போடுவதும் பின்னோக்கிப் போவதும்

வேலை முடிந்தது, பாதுகாப்புக்காக பூட்லோடரை மறுபடி லாக் செய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வங்கி ஆப் ஓடும் என்ற நம்பிக்கையில் செய்பவர்களும் உண்டு. கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது லாக் செய்தால், பூட் ஆகும்போது நடக்கும் கையொப்பச் சரிபார்ப்பில் போன் அந்த ரோமை ஏற்க மறுத்துவிடும். திரும்ப அன்லாக் செய்யலாம் என்றால், அதற்கான 'ஓஇஎம் அன்லாக்' சுவிட்ச் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. ஆண்ட்ராய்டே திறக்காதபோது அதை எங்கே போய் அழுத்துவது? அந்தந்த மாடலுக்கு அனுமதி உண்டென்று ரோம் உருவாக்கியவரே சொல்லியிருந்தால் ஒழிய, ஸ்டாக் ஃபர்ம்வேருக்கு முழுதாகத் திரும்பி, போன் ஒருமுறை ஒழுங்காக பூட் ஆன பிறகே லாக் செய்ய வேண்டும்.

அந்த ஸ்டாக்குக்குத் திரும்பும் வழியிலும் ஒரு குழி இருக்கிறது. 2018இல் ஷாவ்மி ஆன்டி-ரோல்பேக் என்ற தடையைக் கொண்டுவந்தது. போனுக்குள் ஒரு எண் பதிவாகியிருக்கும். அதைவிடக் குறைந்த எண் கொண்ட பழைய ஃபர்ம்வேரை ஏற்றினால் போன் அங்கேயே நின்றுபோகும். ரெட்மி நோட் 5 புரோ வைத்திருந்த பலர் இதில் மாட்டினார்கள். இடிஎல் என்ற அவசர மீட்பு நிலையில் மீட்கலாம் என்றால் அதற்கும் நிறுவனம் அங்கீகரித்த கணக்கு தேவை. பழைய பதிப்புக்குப் போவதற்கு முன் ஃபாஸ்ட்பூட்டில் 'கெட்வார் ஆன்டி' கேட்டு அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

சாம்சங்கில் திரும்ப முடியாதது நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு. கஸ்டம் ரெகவரி ஒருமுறை ஏறினால் போதும், போனுக்குள் ஒரு மின்ஃபியூஸ் எரிந்து, டவுன்லோட் மோடில் (சாம்சங்கில் ஃபர்ம்வேர் ஏற்றும் திரையில்) 0 என்று காட்டிய வாரண்டி எண் 1 ஆகிவிடும். ஸ்டாக் ஏற்றினாலும் அது மாறாது. சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் இரண்டும் அந்த போனில் நிரந்தரமாகப் போய்விடும். அவற்றைப் பயன்படுத்துகிறீர்களா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

அதே சாம்சங்கில் இன்னொரு பொதுவான குழப்பம், டிடபிள்யூஆர்பி ஏற்றியும் அது காணாமல் போவது. சாம்சங்கில் கோப்புகளை ஏற்றும் கணினி மென்பொருளான ஓடினில் 'பாஸ்' என்று பச்சையில் வரும், போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும், ரெகவரிக்குள் போனால் பழைய ஸ்டாக் ரெகவரியே நிற்கும். காரணம், ஆண்ட்ராய்டு ஒருமுறை பூட் ஆனதும் தன் ரெகவரியைத் தானே திரும்ப எழுதிக்கொள்கிறது. ஏற்றுவதற்கு முன் ஓடினின் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோ ரீபூட்' டிக்கை எடுத்துவிடுங்கள். பாஸ் வந்த பிறகு வால்யூம் டவுன், ஹோம், பவர் மூன்றையும் அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்த அந்தக் கணத்திலேயே ஹோமையும் பவரையும் விடாமல் விரலை வால்யூம் அப்புக்கு மாற்றுங்கள். தாமதித்தால் ஆண்ட்ராய்டு முந்திக்கொள்ளும். அப்படி நடந்தாலும் பாதகமில்லை, மறுபடி ஏற்றினால் ஆயிற்று. 'ரீ-பார்ட்டிஷன்' டிக் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

ரோம் தேர்விலும் ஏற்றும்போதும்

1 ஜிபி ரேம் உள்ள போனுக்கு இருப்பதிலேயே புதிய ஆண்ட்ராய்டைத் தேடுவது வீண் ஆசை. பதிப்பு எண் புதிதாக இருக்கும், போன் நகராது. ஆண்ட்ராய்டு 12இலிருந்து நெட்வொர்க் கையாளும் பகுதி இபிபிஎஃப் என்ற வசதியை நம்பியிருக்கிறது, 3.x வரிசைக் கர்னல்களில் (ஆண்ட்ராய்டின் அடித்தள மென்பொருளில்) அது போதுமான அளவில் இல்லை. லினேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமின் 19ஆம் பதிப்பு வந்தபோது பழைய போன்கள் பல விடுபட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பிறகும் இத்தகைய போன்களுக்கு வரும் அதிகாரபூர்வமற்ற ரோம்களில் என்னென்ன வேலை செய்யாது என்ற பட்டியலை முழுதாகப் படியுங்கள். குறிப்பாக 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்ட்இ. 3ஜி சேவையை நிறுத்திவிட்ட இடங்களில் வோல்ட்இ இல்லாத ரோம் என்றால் பேச்சு அழைப்பே சிரமம்.

கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் ரோம் ஏற்றியவுடன், முதல் பூட்டுக்கு முன்பே அந்தத் தொகுப்பை ஏற்ற வேண்டும். பூட் ஆன பிறகு ஏற்றினால் செட்டப் திரும்பத் திரும்ப நின்றுபோகும். ஆண்ட்ராய்டு பதிப்பு பொருந்த வேண்டும், 32-பிட்டா 64-பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். சிப்பை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். மோட்டோ ஜி 2015இல் இருந்த ஸ்னாப்டிராகன் 410 ஒரு 64-பிட் சிப், ஆனால் போன் வந்தது 32-பிட் ஆண்ட்ராய்டோடு. 'எரர் 70' வந்தால் சிஸ்டம் பார்ட்டிஷனில் இடமில்லை என்று அர்த்தம். ஆகச் சிறிய பிகோ தொகுப்பை எடுங்கள், பழைய போனுக்கு அதுவே அதிகம்.

டவுன்லோட் செய்த கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று அறிய, அதன் எஸ்ஹெச்ஏ256 மதிப்பைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். டேட்டா போகும் நல்ல கேபிளாக, ஹப் இல்லாமல் நேராகக் கணினியில் சொருகுங்கள். கூகுள் கணக்கை போனிலிருந்து முன்பே நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 5.1இலிருந்து வந்த எஃப்ஆர்பி பூட்டு, ரெகவரி வழியாக ரீசெட் செய்தபின் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

ரோம் ஏறிய பிறகு முதல் பூட் மெதுவாகத்தான் நடக்கும். பழைய போனில் பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். பாதியில் பேட்டரியைக் கழற்றாதீர்கள். தவறுதலாக சிஸ்டத்தை அழித்துவிட்டு, 'ஓஎஸ் எதுவும் இல்லை' என்று ரெகவரி எச்சரித்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ரெகவரி உயிரோடு இருக்கும்வரை ஏடிபி சைட்லோட் மூலம் ரோமைக் கணினியிலிருந்தே அனுப்பலாம்.

ரூட்

ஒரே க்ளிக்கில் ரூட் என்று வரும் ஆப்களைத் தொடாதீர்கள். அவை போனில் உள்ள பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தித்தான் உள்ளே நுழைகின்றன. 2014இல் வந்த டவல்ரூட் அப்படி ஒரு கர்னல் ஓட்டையால்தான் வேலை செய்தது. உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாத ஒரு ஆப்புக்கு போனின் முழு அதிகாரத்தையும் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. இன்று பரவலாகப் பயன்படும் வழி மேஜிஸ்க். அதன் அதிகாரபூர்வ இடம் கிட்ஹப் மட்டுமே, அதே பெயரில் தளம் நடத்தும் மற்றவர்களிடம் எடுக்காதீர்கள்.

மேஜிஸ்க்கில் நடக்கும் தவறு பெரும்பாலும் பூட் இமேஜில்தான் (கர்னல் அடங்கிய தொடக்கக் கோப்பு). உங்கள் போனில் இப்போது ஓடும் அதே ரோம், அதே பில்டின் பூட் இமேஜைத்தான் மேஜிஸ்க் கொண்டு பேட்ச் செய்ய (திருத்த) வேண்டும். வேறு பதிப்பினுடையதை ஏற்றினால் பூட்லூப் வரும், அல்லது போன் எழுந்தும் வைஃபை வேலை செய்யாது. யாரோ பேட்ச் செய்து வைத்த கோப்பை எடுத்து ஏற்றுவதும் வேண்டாம். மாற்றப்படாத மூல இமேஜைக் கணினியில் வைத்திருந்தால் ஒரே ஃபாஸ்ட்பூட் கட்டளையில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். மேஜிஸ்க்கில் சேர்த்த ஏதாவது மாட்யூல் (கூடுதல் வசதி) பூட்லூப்பில் தள்ளினால் சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்யுங்கள், மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும்.

போன் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையால் வங்கி, கட்டண ஆப்கள் ரூட் செய்த போனில் எந்த நாளும் நின்றுபோகலாம். இன்று ஒரு மாட்யூல் போட்டு ஓட்டினாலும் நாளைக்கு ஓடும் என்று உறுதியில்லை. பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு இந்த போனை மட்டும் நம்பியிருப்பவர்கள் ரூட் செய்யாமல் இருப்பதே நல்லது.

பழைய போன்களுக்கான ஸ்டாக் ஃபர்ம்வேர் இணைப்புகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இஎஃப்எஸ் பேக்கப், ஸ்டாக் ஃபர்ம்வேர், மூல பூட் இமேஜ், வேலை செய்த ரெகவரி, ரோம், கூகுள் ஆப்ஸ் தொகுப்பு ஆகியவற்றைக் கோட்நேம் எழுதிய ஒரே ஃபோல்டரில் போட்டு, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் இரண்டு போன் இருந்தால் இஎஃப்எஸ் கோப்பின் பெயரில் அந்தந்த போனின் ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.