வயசான நாயோட ஒரு சனி ஞாயிறு: எங்க போகலாம், எவ்வளவு நேரம் போகலாம்

லேப்ரடார் மாதிரி பெரிய நாய்க்கு 7, 8 வயசுலயே முதுமை தலைகாட்ட ஆரம்பிச்சுடும், பொமரேனியன் மாதிரி சின்ன நாய் 10 வரைக்கும் கூட துறுதுறுன்னு இருக்கும். எங்க ரோஸி லேப், 11 முடிஞ்சாச்சு, மூஞ்சி பூரா நரை. இந்த வயசு வந்ததும் நிறைய பேர் "பாவம், முடியல, தூங்கட்டும்"னு வீட்டோட விட்டுடுறாங்க, எனக்கு அதுல துளிகூட சம்மதம் இல்ல. இடுப்பு தளர்ந்துடுது, கண்ணு மங்குது, கூப்பிட்டா காதுல விழறதில்ல, ஆனா மூக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஓரளவு நல்லாவே வேலை செய்யும். அதனால வயசான நாயை வெளிய கூட்டிட்டு போறது மோந்து பாக்கறதுக்குன்னு வச்சுக்கோங்க, எவ்வளவு தூரம் நடந்துச்சுங்கற கணக்கே வேண்டாம்.

நான் சென்னைல இருக்கேன், அதனால சென்னையை வச்சே சொல்றேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே கொஞ்சம் வேலை இருக்கு. நகம் பாருங்க, தரைல நடக்கும்போது டக்கு டக்குன்னு சத்தம் கேட்டா நீளம்னு அர்த்தம், நீள நகத்தோட நடக்குற நாய் பாதத்தை பின்னாடி சாச்சு வச்சு நடக்கும், அந்த பாரமெல்லாம் மூட்டுல தான் போய் உக்காரும். பாதத்து அடில முடி வளந்து கிடந்தா டைல்ஸ்ல வழுக்கும், அதையும் கட் பண்ணிடுங்க. டாக்டர் மூட்டு வலிக்கு மாத்திரை குடுத்திருந்தா வழக்கமான நேரத்துல தவறாம குடுங்க. நம்ம வீட்டு டப்பால இருக்குற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு தொடவே கூடாது, வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும், கிட்னியும் போயிடும். "பாதி மாத்திரை தானே"ன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

சனிக்கிழமை காலைல வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பணும், 5:30க்கு பெசன்ட் நகர் பீச்ல இருந்தா ரொம்ப நல்லது. வெயில் மட்டும் பிரச்சனைன்னு நினைக்காதீங்க, நாய் உடம்பு சூட்டை மூச்சிரைச்சு தான் தணிக்குது, நாக்குல இருக்குற ஈரம் காத்துல காஞ்சா தான் உடம்பு குளிரும், நம்ம ஊர் புழுக்கத்துல அந்த ஈரம் காயவே காயாது. அதனால வெயில் ஏறாத நேரத்துலயும் புழுக்கமா இருந்தா நாய் திணறும், வயசான லேப்ரடாருக்கு இது இன்னும் மோசம், சிலதுக்கு தொண்டை நரம்பு தளர்ந்து மூச்சு இழுக்கும்போது கரகரன்னு சத்தம் வரும், குரைக்கற குரலே மாறிடும். அப்படி எதாவது கவனிச்சிருந்தா முதல்ல டாக்டர், அப்புறம் தான் பீச். மார்கழி, தை மாசம் தான் இதுக்கெல்லாம் அருமையான காலம், அக்னி நட்சத்திரத்துல நான் ரோஸியை எங்கயும் அழைச்சிட்டு போறதே இல்ல.

கார்ல ஏத்தறப்போ குதிக்க விடாதீங்க, இறங்கறப்போ அதைவிட முக்கியம், முன்னங்கால் ரெண்டும் மொத்த உடம்பையும் தாங்கும். ஒரு கை நெஞ்சுக்கு அடில, இன்னொரு கை பின்தொடைக்கு கீழ குடுத்து உடம்போட அணைச்சு தூக்குங்க, வயித்தை அழுத்தி தூக்கக்கூடாது. கனமான நாயா இருந்தா ஒரு பெரிய துண்டை பின்னங்காலுக்கு முன்னாடி அடிவயித்துல குடுத்து ரெண்டு முனையையும் மேல பிடிச்சுக்கிட்டா பின்பக்கம் பாதி பாரம் நம்ம கைக்கு வந்துடும், முன்னங்காலை அதுவே வச்சு ஏறிக்கும், படிக்கட்டுக்கும் இதே வழி தான். சீட்ல யோகா மேட் போட்டா வழுக்காது.

பீச்ல காஞ்ச மணல் பக்கம் போகவே வேண்டாம், கால் புதைய புதைய இழுத்து வைக்கறது இடுப்பு தேஞ்ச நாய்க்கு பெரிய தண்டனை. அலை வந்துட்டுப் போன ஈர மணல் கெட்டியா இருக்கும், அதுல நடத்துங்க. 15 நிமிஷம் போதும், அதுல பாதி நேரம் நின்னுக்கிட்டு தான் இருக்கும், இருக்கட்டும். ரோஸி ஊரூர் குப்பம் பக்கம் குவிச்சு வச்சிருக்குற வலைகிட்ட போனா அவ்வளவு தான், மூக்கை வலைக்கண்ணுக்குள்ள விட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதி, ஒரு அடி நகர்ந்து, திரும்ப முதல் இடத்துக்கே வந்து, வாலை மெதுவா ஆட்டிக்கிட்டே, நண்டு ஓடு ஒட்டியிருக்குற முடிச்சு ஒவ்வொண்ணையும் படிச்சு முடிப்பா, கயித்தை இழுக்காம நான் நின்னுடுவேன். அந்த நாள் முழுக்க அவ முகத்துல ஒரு தெளிவு இருக்கும்.

ஆனா அங்க ஒரு ஆபத்தும் இருக்கு. வலைல மாட்டுற பேத்தை மீனை விக்க முடியாதுன்னு மணல்லயே வீசிட்டு போயிடுவாங்க, பந்து மாதிரி உப்பி கிடக்கும், அது கடும் விஷம், கொஞ்சம் கடிச்சாலும் நாய் உயிருக்கே ஆபத்து. கரை ஒதுங்குன ஜெல்லி மீன், தூண்டில் முள்ளு இதெல்லாமும் கிடக்கும். அதனால கயிறு சின்னதா இருக்கணும், கண்ணு மணல்லயே இருக்கணும். கடல் தண்ணி குடிச்சா வாந்தியும் பேதியும் வரும், போறதுக்கு முன்னாடியும் நடுவுலயும் நல்ல தண்ணி குடுத்துட்டே இருந்தா அந்த ஆசை வராது.

தெரு நாய்ங்க விஷயத்துல வயசான நாய்க்கு ஓடவும் முடியாது சண்டை போடவும் முடியாது. தூரத்துலயே பாத்து ரோட்டை க்ராஸ் பண்ணிடுங்க, கயித்தை இறுக்கி பிடிச்சா நம்ம பதட்டம் அதுக்கும் போயிடும். பாக்கெட்ல கொஞ்சம் பிஸ்கட் வச்சுக்கிட்டு நம்ம போற திசைக்கு எதிர்ப்பக்கமா தூக்கி போட்டா பெரும்பாலும் வழி விட்டுடும். மாநகராட்சி லைசென்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, கயிறும் வாய்மூடியும் வெளிய கட்டாயம்னு சொல்றாங்க, வாய்மூடி வாங்கறப்போ கூடை மாதிரி இருக்கறதை வாங்குங்க, துணி வாய்மூடி போட்டா வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது, வயசான நாய்க்கு அதுவே ஆபத்து.

வீட்டுக்கு வந்து கால் கழுவி, காதை நல்லா துடைச்சு (தொங்குற காதுல ஈரம் நின்னா சீழ் பிடிக்கும்), சாப்பாடு குடுத்துட்டு தூங்க விடுங்க. மத்தியானம் வேற எந்த ப்ரோக்ராமும் வேண்டாம், ஃப்ரெண்ட்ஸ் பாக்க வர்றாங்கன்னா கூட சாயங்காலம் வரச் சொல்லுங்க. நல்லா தூங்கறப்போ நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க, 30க்கு கீழ இருக்கணும், அடிக்கடி அதுக்கு மேல போச்சுன்னா இதயத்தை செக் பண்ணணும். சாயங்காலம் சும்மா ஒரு கார் ரவுண்ட், ஜன்னல் கொஞ்சமா இறக்கி விட்டு, இல்லன்னா சித்தி வீட்டு மொட்டை மாடி, புது வீட்டு வாசனையே அதுக்கு ஒரு டூர் தான்.

ஞாயித்துக்கிழமை பிளானை சனிக்கிழமையே முடிவு பண்ணாதீங்க, காலைல அது எப்படி எழுந்திருக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரே மூச்சுல எழுந்து உடம்பை முறிச்சுட்டு வந்தா கிளம்பலாம். ரெண்டு தடவை முயற்சி பண்ணி எழுந்தாலோ, பின்னங்கால் நடுங்கினாலோ, முதல் பத்தடி விறைப்பா நடந்தாலோ, நேத்து அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம், இன்னைக்கு வீட்டு வாசல் வரைக்கும் போதும், அடுத்த வாரம் நேரத்தை பாதியாக்குங்க.

கிளம்பற மாதிரி இருந்தா ஈசிஆர்ல முட்டுக்காடு, கோவளம் பக்கம் காலைலயே போயிட்டு வரலாம். மகாபலிபுரம் வரைக்கும் போறவங்க கவனிக்க வேண்டியது, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் தொல்லியல் துறை இடம், நாய்க்கு அனுமதி கிடையாது, "நான் மட்டும் உள்ள போய் பாத்துட்டு வந்துடுறேன்"னு பூட்டின கார்ல விட்டுட்டு போனா பத்து நிமிஷத்துல உள்ள அடுப்பா கொதிக்கும், ஜன்னலை கொஞ்சம் திறந்து வச்சாலும் பிரயோஜனம் இல்ல. ஒருத்தர் வெளிய நாயோட இருக்கணும், இல்லன்னா அந்த இடமே வேண்டாம். வழில நம்ம பிரியாணி சாப்பிடறப்போ எலும்பு போடாதீங்க, வெந்த எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும், வெங்காயமும் ஆகாது. வீட்டுலேந்தே உப்பு போடாத தயிர் சாதம் கொண்டு போனா நிம்மதி.

மூச்சிரைப்பு நிக்காம, எச்சில் கெட்டியா வழிஞ்சு, ஈறு செங்கல் மாதிரி சிவந்தோ இல்ல வெளுத்தோ போய், தள்ளாட ஆரம்பிச்சா அது வெப்பத் தாக்கு, உடம்பு சூடு 41 டிகிரிக்கு மேல போயிருக்கலாம். உடனே நிழல், உடம்பு முழுக்க சாதா குழாய் தண்ணி ஊத்தி, கார் ஏசியை ஃபுல்லா அது மேல வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க. ஈரத் துண்டை மேல போத்தி விட்டுடாதீங்க, சூட்டை உள்ளயே அடைச்சு வச்சிடும். பக்கத்துல எந்த க்ளினிக் ஞாயித்துக்கிழமை திறந்திருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே போன் பண்ணி கேட்டு வைக்கணும்.

ஞாயிறு ராத்திரி உண்ணி பாருங்க, காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துப்பட்டைக்கு அடில. உண்ணிக் காய்ச்சல் நம்ம ஊர்ல சர்வ சாதாரணம், வயசான உடம்பு அதுலேந்து தேறி வர்றது கஷ்டம். திங்கக்கிழமையும் நொண்டுச்சுன்னா வீட்டுல நடக்கறதை பக்கவாட்டுலேந்தும் பின்னாடிலேந்தும் போன்ல வீடியோ எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, க்ளினிக் வாசனை பட்டதும் பயத்துல வலியை மறைச்சுக்கிட்டு நேரா நடந்து காட்டிடும், வீடியோ இருந்தா தான் எந்தக் கால்னு டாக்டருக்கு பிடிபடும்.