9 மி.மீ. தோட்டாவைச் சுடும் முன் கண்ணால் சோதிப்பது எப்படி

துப்பாக்கியைக் காலி செய்து தள்ளி வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். பெட்டியில் தோட்டாக்களின் அடிப்பாகம் மேலே தெரிந்தால், எல்லா பிரைமர்களையும் (அடியின் நடுவில் உள்ள, அடிபட்டால் தீப்பற்றும் சிறு மூடி) ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். சாய்ந்தது, தலைகீழாகப் பொருத்தியது, பிரைமரே இல்லாதது என எதுவும் ஒதுக்க வேண்டியதே. பிறகு விரல் நுனியால் தடவுங்கள். பிரைமர் அடிப்பரப்புக்குச் சற்றே உள்ளே இருக்க வேண்டும். துருத்தினால் வெடிக்காமல் போகலாம். அரிதாக, போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மூடும்போதே வெடித்துவிடலாம்.

அடுத்து ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள். குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பாயும் பகுதி) கோணலாக இருந்தால் முனை தள்ளாடும். கேஸின் (பித்தளைக் கூட்டின்) வாய் மடிந்திருக்கிறதா, பித்தளையில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். கீறலா விரிசலா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் சுட வேண்டாம். லேசான பழுப்பேறல் பரவாயில்லை. பச்சைக் களிம்பும் குழியும் இருந்தால் ஒதுக்குங்கள்.

முக்கியமானது நீளம். வரிசையாக நிற்க வைத்தால் குட்டையானது தனியாகத் தெரியும். காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்து உறுதி செய்யுங்கள். உச்சவரம்பு 29.69 மி.மீ. நீளம் கூடினால் பெரும்பாலும் சேம்பரில் (துப்பாக்கிக் குழாயின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) சரியாக அமராது, அவ்வளவுதான். குட்டையானதுதான் ஆபத்து: குண்டு உள்ளே தள்ளப்பட்டால் கேஸுக்குள் வெடிமருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றி இறக்கினாலும் இப்படி ஆகும்.

ஒதுக்கியதைப் பிரிக்கவோ தட்டவோ கூடாது. பெட்டியிலுள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணோடு விற்றவரிடம் கொடுங்கள்.