பிளக்கில் பூசிய ரெசின் இறுகவில்லையா? உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

மோல்ட் (அச்சு) எடுப்பதற்காகச் செய்யும் மாதிரி உருவம்தான் பிளக். அதில் ரெசினை ராத்திரி பூசிவிட்டுக் காலையில் தொட்டால் விரல் ஒட்டுகிறது. பலரும் உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போவார்கள். நாலு இழுப்பில் தாள் முழுக்கப் பசை அப்பிக்கொள்ளும், பரப்பும் வரிவரியாகக் கெடும்.

மேலே மட்டும் பிசுபிசுப்பா, அடிவரை கொழகொழப்பா என்று முதலில் பாருங்கள். ஒரு மூலையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் நகத்தை அழுத்துங்கள். தடம் விழவில்லை, ரெசினும் பாலியஸ்டர் என்றால் அது கோளாறே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் அதன் மேல்தோல் இறுகாது. அடுத்த பூச்சு நன்றாகப் பிடிக்கட்டும் என்றுதான் அடுக்கடுக்காகப் பூசும் லேமினேட்டிங் ரெசின் பெரும்பாலும் மெழுகில்லாமல் வருகிறது. கடைசிப் பூச்சில் ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைத்த, காற்றை மறைக்கும் மெழுகைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். மெழுகு கலந்து இன்னொரு பூச்சு கொடுங்கள், அது இறுகியதும் தாராளமாகத் தேய்க்கலாம்.

நகம் இறங்கினால் சங்கதி வேறு. பாலியஸ்டருக்கு, அதை இறுகவைக்கும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட் பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம். 100 கிராம் ரெசினுக்கு ஒன்றரை கிராம் என்றால் எவ்வளவு சின்ன அளவு பாருங்கள்! அதைக் கண்ணளவில் ஊற்றி நானும் மாட்டியிருக்கிறேன். இடம் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தாலும் இதே கதிதான். மெல்ல 40 டிகிரி வரை சூடேற்றிச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஃபோம் இருந்தால் இன்னும் நிதானம், சூடு மிஞ்சினால் அது இளகி உருவமே மாறிவிடும். அப்படியும் இறுகாவிட்டால் சுரண்டி எடுப்பதுதான் வழி.

வெறும் கேட்டலிஸ்ட்டை மேலே தடவும் வேலை வேண்டாம், அது ஆழத்துக்குப் போகாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கவே வெடிக்கும்.

எபாக்சியில் கணக்கே வேறு. அதில் ஹார்டனர் கேட்டலிஸ்ட் அல்ல, ரெசினோடு சேர்ந்து இறுகும் கூட்டாளி. கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, மிச்சம் உள்ளேயே தங்கி இளக்கமாக்கும். கொள்ளளவு விகிதத்தைத் தராசில் நிறுத்தாலும் தப்பு. அங்கங்கே திட்டுத்திட்டாக ஒட்டுகிறதா? கோப்பை ஓரத்தில் கலக்காமல் நின்றதையும் வழித்துப் பூசியிருக்கிறீர்கள். அந்தத் திட்டுகளைச் சுரண்டி, துடைத்து, புதிதாகக் கலந்து பூசுங்கள். இறுகிய எபாக்சி மேல் எண்ணெய்போல வழுக்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாலே போய்விடும். அப்புறம் தேய்க்கலாம்.

அரைகுறையாக இறுகிய பிளக்கின்மேல் ஒட்டாமலிருக்க மெழுகு போட்டு மோல்ட் எடுக்கத் துணிகிறவர்களும் உண்டு. மோல்டின் ஜெல்கோட் என்ற முதல் பூச்சில் உள்ள ஸ்டைரீன் அந்த இளகிய பரப்பை அரித்து உள்ளே இறங்கும். பிரிக்கும்போது பிளக்கின் தோல் மோல்டோடு உரிந்து வரும்.